ஓட்டெடுப்பு அன்று ஒரு நெஞ்சுவலி

— சட்டையைக் கழட்டுங்க சார், ஈசிஜி எடுக்கணும்.

— அதெல்லாம் எதுக்கும்மா? நெஞ்சுவலின்னு எழுதிப் படுக்க வச்சாப் போதும். பெரிய டாக்டர்கிட்ட பேசியாச்சு.

— நெஞ்சுவலின்னு எழுதினா எடுத்தே ஆகணும் சார்.

— சரி, எடு. சாயங்காலம் வரைக்கும் எனக்கென்ன வேலை. ஏசியைக் கொஞ்சம் கூட்டேன், வேர்க்குது.

— சட்டசபையில மத்தியானம் ஓட்டெடுப்பு இருக்கே.

— நர்ஸம்மாவுக்கு அரசியல் எல்லாம் அத்துப்படி போல.

— எங்க மசோதாதானே சார். ஒரு நர்ஸ் தலையில இத்தனை நோயாளிக்கு மேல கட்டக் கூடாதுன்னு. போன மாசம் உங்க ஆபீஸுக்கு மனுவோட வந்தோம். நானும் வந்திருந்தேன்.

— அட, அதுல நீயும் இருந்தியா? யூனிஃபார்ம்ல எல்லாரும் ஒரே மாதிரி தெரியறீங்க. காபி குடுக்கச் சொன்னேனே, குடுத்தாங்களா?

— குடுத்தாங்க. ஆதரிக்கிறேன்னு நீங்க வாக்கும் குடுத்தீங்க.

— சொல்றேன் கேளு. கட்சி எதிர்க்கச் சொல்லுது. கொறடா வீட்டுக்கே வந்துட்டான். நான் உங்களுக்கு எதிரா கை தூக்கினேனா? அதுக்குத்தானே இங்க வந்து படுத்திருக்கேன். யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் பாரு.

— நீங்க வந்தா ஒரு ஓட்டுல ஜெயிக்கிறோம் சார். வராட்டி சமம். சமமானா சபாநாயகர் எதிரா ஓட்டுப் போடுவார், மசோதா விழுந்துடும்.

— அவ்வளவு துல்லியமா எண்ணி வச்சிருக்கீங்களா?

— வேற யாரு எண்ணுவா எங்களுக்கு? கையை ஆட்டாதீங்க, ஒயர் கழண்டுடும். பக்கத்து வார்டுல பெல் அடிக்குது, இதோ வந்துடறேன்.

— வந்துட்டியா? எவ்வளவு நேரம்மா.

— ஒரு பெரியவர் கட்டிலை விட்டு இறங்கப் பாத்தார். விழறதுக்குள்ள பிடிச்சுட்டேன். அங்கேயே இன்னும் ரெண்டு பெல்.

— வேற ஆளே இல்லையா?

— வேற ஆளும் நான்தான் சார்.

— நானும் பெல் அடிச்சேன். அந்தப் பக்கம் யாரோ 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. சும்மா படுத்துக்கிட்டுக் கேக்க என்னவோ போல ஆயிடுச்சு.

— இப்ப மூச்சை இழுத்து விட்டு அசையாம இருங்க. காகிதம் வருது.

— இந்த ஒயரையெல்லாம் பிடுங்கும்மா. நான் போறேன்.

— எங்கே?

— வேற எங்கே? சபைக்குத்தான். கட்சியை விட்டு நீக்கறதுன்னா நீக்கட்டும். டிரைவரைக் கூப்பிடு. இன்னும் நேரம் இருக்கு. என்ன அப்படிப் பாக்கறே? நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.

— பெல் எதுக்கு அடிச்சீங்க சார்?

— தண்ணிக்கு. இடது கை வேற கடுக்குது, தாடை இழுத்துப் பிடிக்குது. காலையிலேருந்து நடிச்சதுல உடம்பே நம்பிடுச்சு போல.

— இந்த மாத்திரையை மென்னு முழுங்குங்க. ஹலோ, டாக்டர், உடனே வாங்க, ஆறாம் ரூம். ஆமா, அவருக்குத்தான். இல்லை டாக்டர், நிஜம். ஈசிஜி கையில இருக்கு.

— என்னம்மா நாடகம் இது? உங்களுக்காகத்தானே போறேங்கிறேன். போய் ஒரு கை தூக்கிட்டு வந்துடறேன், அப்புறம் நீ என்ன வேணா பண்ணு.

— எழுந்திருக்கக் கூடாது சார். காலைக் கீழ வைக்காதீங்க.

— என்னைப் பிடிச்சு வைக்கச் சொல்லி கொறடா உன்கிட்டயும் பேசிட்டானா?

— நீங்க இப்ப எழுந்து போனா எங்க சட்டம் ஜெயிச்சிடும் சார். அது தெரிஞ்சுதான் சொல்றேன், படுங்க.