ஒரு பக்கம் மட்டும் தீட்டியது

பழைய கைக்கோடாலி வாங்கப் போகிறவர்கள் முதலில் காம்பைத்தான் பார்க்கிறார்கள். காம்பு முந்தாநாள் மாட்டியதாகக்கூட இருக்கும். பார்க்க வேண்டியது முதுகை, அதாவது இரும்பின் தட்டையான பின்பக்கத்தை. நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும் ஐயா, ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நேற்று வழக்கை முடித்துவைக்க என்னிடம் ஒரு கையெழுத்து கேட்டு வந்தீர்கள். ஆவணியில் வெடித்த பட்டாசு மருந்து அறையில் எடுத்த இரும்புச் சில்லு மண்வெட்டியின் வாயிலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, தெறித்ததுதான் என்று நான் முன்பு சொன்னதை உறுதி செய்யும் தாள். அதில் கையெழுத்துப் போடாமல் இதை எழுதித் தருகிறேன்.

என் பெயர் காளீஸ்வரன். எம்.புதுப்பட்டிக்குச் சாலை பிரிகிற விலக்கில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், செய்து கொடுக்கிறேன். மருந்து இருக்கிற அறைக்குள் இரும்பு போகக் கூடாது. வாசலில் பெண்களின் ஊக்கு, மெட்டி, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். என் கொட்டாப்புளியில் ஆணி கிடையாது, காம்பை இறுக்குகிற ஆப்புகூட மரம்தான். "காளீஸ்வரன் கைப்பட்ட மரத்துல இரும்பு வாசம்கூட இருக்காது" என்று கம்பெனிகளில் சொல்வார்கள். அது எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

நான் கொட்டாப்புளி செதுக்குகிற கைக்கோடாலி எனக்கு விருதுநகரில் அப்துல் ஹலீம் பாயின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. உடைந்த மோட்டார்களுக்கு அடியில் கிடந்தது. முதுகைத் தடவியதுமே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் முழுத் தட்டை. மறுபக்கத்தில் மட்டும் சரிவு. சாதாரணக் கோடாலியை ஒரு பக்கம் தேய்த்துவிட்டுச் செதுக்குக் கோடாலி என்று விற்கிற ஆட்களும் உண்டு. கண்ணாடிச் சில்லின் மேல் முதுகை வைத்துப் பார்த்தால் அந்தக் குட்டு உடைந்துவிடும், போலி ஆடும். இது அசையாமல் உட்கார்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து புளியைக் கரைத்துத் தேய்த்தேன். வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்தது, உடம்பு வெளிறியே இருந்தது. மெதுவான பச்சை இரும்பில் எஃகை வைத்து உலையில் அடித்து ஒட்டிய வேலை. இப்போது அப்படிச் செய்ய ஆளில்லை. நூறு வயதாவது இருக்கும். அன்று நான் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

அதில் செதுக்குவது தனி சுகம். மரத்தில் நூல் அடித்து, முதலில் குறுக்கே வெட்டுகள் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தட்டைப் பக்கத்தை மரத்தோடு ஒட்டி இறக்கினால் நூல் பிடித்த இடத்தில் பலகை மாதிரி வழுவழுவென்று வரும். காம்பு சற்று வெளிப்பக்கமாக வளைந்திருப்பதால் விரல் முட்டி மரத்தில் உரசாது. அதை ஒரு முறை பிடித்தவன் இழைப்புளியைத் தேடமாட்டான்.

என் தவறு ஒன்றே ஒன்று. வாயை அளவுக்கு மீறி மெல்லிசாகத் தீட்டிவிட்டேன். முகம் தெரிய வேண்டும் என்று ஆசை. ஆனி மாசம் ஒரு கம்பெனிக்கு இருபத்து நாலு கொட்டாப்புளி ஆர்டர். காய்ந்த கருவேலங்கட்டை. ஒரு கணுவில் இறக்கினேன், கை அதிர்ந்தது. வேலை ஓட்டத்தில் விட்டுவிட்டேன், எல்லாம் முடித்துத் துடைக்கும்போது பார்த்தால் வாயில் அரை நகம் அளவு காணோம்.

சிராயையெல்லாம் சலித்துப் பார்த்தேன், இல்லை. பழைய ரேடியோ காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு கட்டையின் மேலும் தொங்கவிட்டேன். பதினேழாவது கட்டையிடம் காந்தம் சாய்ந்தது. கொட்டாப்புளிக்கு இரண்டு முகம். ஒரு முகத்துக்குள்ளே, வெளியே தெரியாத ஆழத்தில் சில்லு போய் உட்கார்ந்திருந்தது.

அதைப் பிளந்து அடுப்பில் போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அந்த இருபத்து நாலில் அதுதான் ஆக நன்றாக வந்திருந்தது. ரேகை ஒரே சீராக ஓடியது. மேலும் ஒன்று குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள், காளீஸ்வரன் மரத்தில் இரும்பு என்ற பேச்சு ஒரே நாளில் வெம்பக்கோட்டை வரைக்கும் போய்விடும். அதனால் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். சில்லு இல்லாத முகத்தை நன்றாக இழைத்து மெருகேற்றினேன். சில்லு இருந்த முகத்தைச் சொரசொரப்பாக விட்டேன். யாரும் வழுவழுப்பான பக்கத்தால்தான் தட்டுவார்கள். அந்த வழுவழுப்பான முகம் தேய்ந்து சிலும்பி வர ஆறு மாசமாவது ஆகும். அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிவிடலாம்.

லோடு இறக்கின அன்று பாண்டிச்செல்வி என்ற பெண் அதையே கையில் எடுத்தாள். "அண்ணாச்சி, இது எம்புட்டு அம்சமா கைக்கு உக்காருது பாருங்க. இது எனக்குத்தான்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை தெரிந்த கை என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் வேலை எப்படி நடக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மாசத்தில் தேய வேண்டியது எட்டு வாரத்தில் தேய்ந்துவிட்டது. ஒரு முகம் சிலும்பினால் திருப்பிப் பிடித்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அந்த எட்டு வாரத்தில் அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டி நான் எத்தனையோ தடவை வண்டியில் போயிருக்கிறேன். இரண்டு தடவை நிறுத்தினேன். ஒரு தடவை மழை. இன்னொரு தடவை சாப்பாட்டு நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்கு என் பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. பாண்டிச்செல்வி, வேலுத்தாய், குருவம்மாள். மூன்று பேரும் ஒரே அறை. கட்டி தட்டிய மருந்தைக் கல்தரையில் வைத்துத் தட்டியிருக்கிறார்கள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஊரில் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று விடியற்காலையில் மழை பெய்திருந்தது. போர்மேன் முனியராஜ் தன் காட்டில் வரப்பு வெட்டிவிட்டு நேரே வேலைக்கு வந்திருக்கிறார். வண்டியில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று மண்வெட்டியை மருந்து அறையின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். ஊக்கைக்கூட விடாமல் கழற்றச் சொல்கிற மனிதர். இடிபாட்டுக்குள் அந்த மண்வெட்டி கிடந்தது. அதன் வாயிலும் பல் போயிருந்தது. எந்த மண்வெட்டியில்தான் போகாது?

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். இந்தப் பக்கத்தில் இரும்பு தெரிந்தவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. முழுக்க எஃகு, என் தீட்டலின் பளபளப்புகூட ஒரு ஓரத்தில் மிச்சம் இருந்தது. "ஒரு பக்கம் மட்டும் தீட்டுன வாய் சார்" என்றேன். "அப்படின்னா?" என்றார். "மம்பட்டிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். மண்வெட்டிக்கும் அப்படித்தான் இருக்கும். வேறு எதற்கெல்லாம் இருக்கும் என்று அவர் கேட்கவில்லை.

முனியராஜை உள்ளே வைத்ததும் அவர் மனைவி ரோஜா பட்டறைக்கு வந்தாள். "அண்ணாச்சி, அவுக சுவத்துக்கு வெளியதான் வச்சிருக்காக. அந்தத் துண்டு எங்க மம்பட்டியோடது இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாக. நீங்க சொன்னா கேப்பாக" என்று அழுதாள். சரியாகத்தான் சொன்னாள். நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். அவர் வெளியே வருவதும் வராததும் என் வாயில்தான் இருந்தது. "பாப்போம்மா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்று முழுக்க உட்கார்ந்து கோடாலியின் வாயை ஒரு நூல் அளவு குறைத்துத் தீட்டினேன். இந்த முறை அளவாக.

மார்கழியில் முனியராஜ் ஜாமீனில் வந்தார். ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குருவம்மாளின் மகன் அவர் வாசலில் மண்ணை வாரி எறிந்துவிட்டுப் போனான். ஒரு நாள் மத்தியானம் என் பட்டறைக்கு வந்து மரச்சிராய் மேல் உட்கார்ந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "நான்தான் அண்ணாச்சி கொன்னுட்டேன். வெளியதான வச்சோம்னு மொதல்ல நெனச்சேன். துண்டு அதுல உள்ளதுன்னு நீங்களே சொல்லிட்டீக. உங்களுக்குத் தெரியாத இரும்பா? மூணு பிள்ளைகளையும் நான்தான்..." என்றார்.

அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். "விடுங்க, தெரியாமச் செஞ்சது. மனசுல வச்சுக்காதீக" என்றேன். நான் அப்படிச் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது, கண்ணில் தெரிந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பதினோராம் நாள் அவரை அவருடைய கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று கேட்பீர்கள். அவர் உள்ளே இருக்கும்போது சொல்லியிருந்தால், வேண்டுமென்றே மறைத்தேன் என்று ஆகியிருக்கும். இப்போது சொல்வதால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. கொட்டாப்புளியில் சில்லு இருப்பது தெரிந்தே கொடுத்தேன். மண்வெட்டி இல்லை என்பது தெரிந்தே மண்வெட்டி என்றேன். நான்கு பேர் போயிருக்கிறார்கள். இதை மறுக்கவில்லை. ரோஜாவிடம் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம். நேற்றுகூட எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், அண்ணன் என்று ஒரு ஆள் இருப்பது அவளுக்குத் தெம்பு.

கோடாலி பட்டறையில் மேல் பலகையில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. சாட்சிப் பொருளாக எடுத்துப்போக யாரை அனுப்புகிறீர்களோ, அவரிடம் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். கவனமில்லாதவர் கையில் கொடுத்தால் பாவம், அதன் வாய் போய்விடும்.