அடித்தல் திருத்தல் உள்ள துப்பாக்கி

மக்களேஏஏ... நியூஸ் வந்துடுச்சு, உறுதி ஆயிடுச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பழைய துப்பாக்கி ரசிகர் குரூப்புக்கு ரைஃபிள் கிளப்பு பெரிய ஹாலையே திறந்து விடுறாங்க, மாவட்டத்துல இருக்கிற பழைய ராணுவ டார்கெட் ரைஃபிள் ஒண்ணொண்ணையும் மேசையில வெச்சு ஒரிஜினலா இல்லையான்னு பாத்துச் சொல்லப் போறாங்க!

தட்டுங்க... நல்லா தட்டுங்க! போதும் போதும்.

இப்ப இதைக் கேட்டதும் உங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க? துணி எடுப்பீங்க. பாலிஷ் எடுப்பீங்க. அப்புறம்... உப்புத்தாள் எடுப்பீங்க! அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டுப் போங்க.

குடியாத்தம் பக்கம் சுலோச்சனான்னு ஒரு அக்கா. அவங்க அப்பா முனிரத்தினம், பட்டாளத்துல டார்கெட் சுட்டவரு. அவரு போனப்புறம் அந்த ரைஃபிளு, லைசென்ஸு, சுடுற கிறுக்கு... எல்லாம் பொண்ணுக்கு வந்துடுச்சு. அக்கா வீட்டுக்காரரு தேவேந்திரன். பத்திரம் எழுதுறவரு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல அவருக்கு என்ன பேரு தெரியுமா? 'அடித்தல் திருத்தல் இல்லாத தேவேந்திரன்'! அவர் எழுதின பத்திரத்துல ஒரே ஒரு எழுத்து அடிச்சிருக்காது. அதுல மனுஷனுக்கு அவ்ளோ பெருமை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, சரியா?

ஒரு நாள் பழைய ராணுவ ரைஃபிள் போட்டி. சுடுறதுக்கு முன்னாடி செக்கிங். ஒரிஜினல்னா உள்ள போய் சுடலாம். துப்பாக்கியில குத்தியிருக்கிற நம்பர்ல யாராச்சும் கை வெச்சிருந்தா? ரைஃபிள் வீட்டுக்கு வராது மக்களே. நேரா போலீஸ் ஸ்டேஷன். கேஸு.

ரெண்டு பேரும் வராண்டாவுல உக்காந்திருக்காங்க. அக்கா டோக்கன் வாங்க எழுந்து போறாங்க. அந்த நேரம் பாத்து உள்ள இருந்து ஒருத்தர் வெறுங்கையோட வர்றாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"இன்னா சார் ஆச்சு?"

"நம்பர்ல கை வெச்சிருக்குன்னு புடுங்கிக்கினாங்கப்பா..."

தேவேந்திரன் மெதுவா மடியில இருந்த துணியைப் பிரிக்கிறாரு. உள்ள அந்த ரைஃபிளோட போல்ட்டு. குண்டு போட்டு இழுத்துத் தள்ளுவோம்ல, அந்த இரும்பு. அதுல ஒரு நம்பர். அந்த நம்பர் மேல... குறுக்கால ஒரு கோடு. கீழ வேற நம்பர்! பேரல்ல இருக்கிற அதே நம்பர்.

அடித்தல்! திருத்தல்! யார் கண்ணுல படணுமோ அவர் கண்ணுலயே பட்டுடுச்சு!

எதிர்க்க ஒரு ஹார்டுவேர் கடை. ஓடுறாரு. உப்புத்தாளோட வர்றாரு. சுத்திப் பாக்குறாரு... கட்டைவிரல்ல மடிச்சுப் புடிக்கிறாரு...

சர்ர்ர்க்!

ஒரே ஒரு இழுப்பு. ரெண்டாவது இழுக்கறதுக்குள்ள மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் புடிக்குது. டோக்கனோட வந்த அக்கா!

"இன்னா பண்றீங்க?"

"கத்தாதடி! அடிச்சிருக்குது பாரு. இதைப் பாத்தா உன்னையும் சேத்து உள்ள வெச்சிருவானுங்க. பழைய நம்பரைத் தேச்சுட்டா கீழ இருக்கிறது மட்டும் பளிச்சினு நிக்கும்."

"எங்கப்பாவுக்குத் தேய்க்கத் தெரியாதா? அவுரு கையிலயே இருந்துச்சு. எண்ணெய் போட்டாரே கண்டி தேய்க்கல. விடுங்க!"

"உங்கப்பா இப்ப ஸ்டேஷனுக்கு வருவாரா?"

அக்கா போல்ட்டைப் புடுங்கிக்கிட்டாங்க. கையையும் விடல.

"சுலோச்சனா! உள்ள வாங்க!"

செக்கிங் பண்றவரு மேஜர் ஞானமுத்து. ஜோக்கு அடிச்சாக்கூட சிரிக்காத ஆளு. பேரல் பாக்குறாரு... ம். கட்டை பாக்குறாரு... ம். போல்ட்டைக் கையில எடுத்தாரு. லென்ஸை வெச்சாரு.

நிறுத்திட்டாரு.

போல்ட்டை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பினாரு...

"இதை யாரு தேச்சது? புதுசா இருக்கு."

தேவேந்திரன் கை தானா மேல போகுது, ஸ்கூல் பையன் மாதிரி. "நான்தாங்க."

"என்ன தொழில் உங்களுக்கு?"

"பத்திரம் எழுதுறேங்க..."

"பத்திரத்துல ஒரு நம்பர் தப்பாயிடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"எனக்குத் தப்பாவாதுங்க."

"ஆயிடுச்சுன்னு வைங்கய்யா!"

"கோடு போட்டு அடிச்சுட்டு... பக்கத்துல சரியானதை எழுதி... கையெழுத்து வாங்குவோம்."

"சுரண்டிட்டு எழுதினா?"

"ஐயோ, அது ஃபோர்ஜரி சார்! பத்திரமே செல்லா..."

அவர் வாய் அப்படியே நின்னுடுச்சு, மக்களே.

மேஜர் லென்ஸை அவர் கையில குடுத்தாரு. "கோட்டு முனையில பாருங்க. கடுகு சைஸ்ல ஒரு முத்திரை. பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஆளோடது. வேற துப்பாக்கியோட போல்ட்டை இதுக்குப் போட்டு, பழசை அடிச்சு, புதுசைக் குத்தி, கையெழுத்து வெச்சிருக்கான். இப்போ உங்க உப்புத்தாள் எங்க நிக்குது பாருங்க."

பாத்தாரு. அந்த முத்திரைக்கு... மயிரிழை பக்கத்துல! இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா? கையெழுத்து போச்சு. ரைஃபிள் போச்சு. அக்கா ஸ்டேஷன்ல.

"முன்னாடி வந்தாரே ஒருத்தர், அவருது பளபளன்னு இருந்துச்சு. ஒரு அடித்தல் கிடையாது. தேச்ச இடம் மட்டும் பள்ளம்" அப்படின்னு சொல்லிட்டு அக்கா பக்கம் திரும்பினாரு. "ஒரிஜினல். போய் சுடும்மா."

வெளிய வந்ததும் தேவேந்திரன், "நான் இழுத்த கீறலை எண்ணெய் போட்டுத் தேச்சு எடுத்துரட்டா?"ன்னாரு.

அக்கா போல்ட்டைத் துணியில சுத்திக்கிட்டே சொன்னாங்க... "தொட்டீங்க, அடுத்த குண்டு உங்களுக்குத்தான். இருக்கட்டும். அதுவும் ஒரு திருத்தல்தான். நீங்க கையெழுத்து போடல, அவ்ளோதான்."

புரியுதா மக்களே? ஒரிஜினல்னா தப்பே நடக்காதது இல்ல. நடந்ததை மறைக்காதது! இரும்புக்கும் அதான், மனுஷனுக்கும் அதான். போட்டோவுக்கு ஃபில்டர் போட்டுப் போட்டு நாம மூஞ்சியையே தேச்சுக்கிட்டு இருக்கோம், துப்பாக்கியையாச்சும் விட்டு வைங்கப்பா!

ஞாயித்துக்கிழமை வாங்க. லைசென்ஸ் இருக்கிறவங்க ரைஃபிளோட வாங்க, இல்லாதவங்க கண்ணோட வாங்க. துருவோட வாங்க, கீறலோட வாங்க. இந்தக் கதையை இப்பவே குரூப்புல தட்டி விடுங்க... உப்புத்தாளும் கையுமா எவனோ ஒருத்தன் இந்நேரம் உக்காந்திருப்பான், அவனுக்குப் போய்ச் சேரணும். தேய்க்க மாட்டேன்னு சொல்றவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க பாப்போம்!