கைதட்டல் பலகை

இரவு பதினொன்றரைக்கு வரும் எங்கள் டிவி அரட்டை நிகழ்ச்சியைப் பிற்பகல் மூன்று மணிக்கே எடுத்துவிடுவோம். பலருக்கு இது தெரியாது. அதை நடத்தும் அத்தான் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிற ஆள்.

கம்பெனியின் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. அக்காவைக் கட்டிய புதிதில் அத்தானுக்கு வேலை இல்லை, வாய் மட்டும் இருந்தது. வீட்டுப் பின்னறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் நீலப் போர்வையைத் தொங்கவிட்டோம். அவர் பேசினார், நான் எடுத்தேன், அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பை வெட்டி ஒட்டி நூறு பேர் சிரிப்பாக்கி இரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு சேனல் கிடைத்தது, சொந்த அரங்கம் வந்தது, இருநூறு நாற்காலி வந்தது. கம்பெனி அவர் பேரில்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. முகம் அவருடையதுதானே.

பேசிக்கொண்டே இருந்து பொத்தென்று மயங்கி விழுவது அத்தானின் பேர்போன வேடிக்கை. விருந்தினர் பதறுவார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் 'கைதட்டவும்' பலகையைத் தூக்குவேன். பலகை மேலே இருக்கும்வரை யாரும் அசையக் கூடாது என்பது எங்கள் அரங்கத்துச் சட்டம். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அவர் இடது காதைப் பிடிக்க வேண்டும், நான் நிறுத்த வேண்டும். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் காதைத் தொட்டதில்லை.

அன்று மேக்கப் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"போதும் மச்சான். இந்த மாசத்தோட கம்பெனிய மூடிடறேன். உங்கக்காவக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய் இருக்கணும்."

அப்படியென்றால் நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"உனக்கென்ன, எங்க போனாலும் பொழச்சுக்குவ" என்றார், மீசையைச் சரிசெய்தபடி.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த அரங்கத்தைத் தவிர எனக்குப் போக்கிடம் கிடையாது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவருக்கு டீ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நாலு மணி வாக்கில் விழுந்தார். கை இடது காதுக்குப் போனது. மூன்று தடவை போனது. நான் பலகையைத் தூக்கினேன். ஜனம் தட்டியது. சத்தம் குறைந்தபோது இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். ஆறு நிமிடம். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும்.

கம்பெனி இப்போது அக்கா பேரில் இருக்கிறது. நான் நடத்துகிறேன். பழைய நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் போடுகிறோம், ஜனம் விரும்பிப் பார்க்கிறது.

உடலை எடுத்துப் போன அன்று அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசியா அவரு யாரப் பாத்தாருடா?"

"ஜனங்களத்தான்க்கா" என்றேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டாள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?