இரண்டாவது தறி

தென்னேரியிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று, "ரெண்டாவது தறி போடாதது நல்லதாப் போச்சுபா" என்றார்.

மற்றவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாபா சொல்ற? போட்டிருந்தா இந்நேரம் மெத்த வீடு கட்டி, டிரான்சிஸ்டர் வாங்கியிருப்பே."

"என் பொஞ்சாதி அந்தத் தறிக்குப் போயிருப்பாபா. ஒரே தறின்றதால எம்பக்கத்துலயே ஒக்காந்துக்கினு சேலையோட மறு கரைக்கு நூல் ஓட்டற நாடாவத் தள்ளுவா. நாளெல்லாம் பேசிக்கினே நெய்வோம்."

"அப்படி இன்னாதான் பேசுவீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல. கொழம்புக்கு இன்னா போடறது, கோயில் யானை எந்தத் தெரு வரைக்கும் வந்துது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சி. அவ சாகறவரைக்கும் அந்தப் பேச்சு நிக்கல."

"இப்ப அவ எடத்துல யாரு?"

"கூலிக்கு ஒருத்தர் வர்றாரு. தங்கமான மனுஷன், ஆனா வாயே தொறக்க மாட்டாரு. நேத்து நெய்துக்கினு இருக்கும்போது, 'கீரைக்காரி வந்துட்டா பாருடி'ன்னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். அவரு நாடாவ நிறுத்திட்டு எம்மூஞ்சியப் பாக்கறாரு."

நண்பர் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா கீரைபா எடுத்துக்கினு வந்தா?"

"சிறுகீரைபா. நல்ல எளசு."

காஞ்சிபுரம் வரும்வரை இருவரும் கீரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.