காருக்கு மறதி கெடையாதுங்க

லோகா: ஏனுங்க, கையை எடுங்க. கெளம்பறதுக்கு முன்னாடி கொடுமுடிக்கு ரூட்டு போடலாம்னு பாத்தா…

மதன்: பொறந்த ஊருக்குப் போக எனக்கு ரூட்டு எதுக்கு கண்ணு? ஸ்கிரீனைத் தொடாத… சூடா இருக்கும்.

லோகா: காலங்காத்தால சுடுமாக்கும்? அட, போன எடமெல்லாம் தானா வருது. மதுக்கரை… மதுக்கரை… மறுக்காவும் மதுக்கரை. உங்க ஆபீசு பீளமேட்டுலதானுங்களே?

மதன்: அது… மேப்பு தப்பாக் காட்டும்.

லோகா: தங்கச்சி கல்யாணப் பந்தியில சோறு ஆற ஆறப் பாடம் எடுத்தீங்களே! போனு, டிவி, செட்டாப் பாக்ஸு, ஏரோப்ளேனு, எல்லாத்துக்குள்ளயும் ஒரு குட்டி டேட்டாபேஸ் குந்தியிருக்குது, எதையும் மறக்காதுன்னு…

மதன்: அதையெல்லாம் நெனப்பு வெச்சிருக்கியா?

லோகா: எனக்குள்ளயும் ஒண்ணு குந்தியிருக்குதுங்க. போனுல போன எடத்தையெல்லாம் தொடச்சு வெச்ச மனுசன் காரை ஏன் விட்டீங்க?

மதன்: காருலயும் இருக்குதுங்கறதை… மறந்துபோட்டேன்.

லோகா: ஊருக்கெல்லாம் சொன்னவரு!

மதன்: சொன்னவன் மட்டுமா? இந்தக் காருக்கு அந்தப் புரோகிராமை எழுதுனதே நாந்தான். வண்டியை ஆஃப் பண்ணுனாலும் போன எடம் அழியக்கூடாதுன்னு மீட்டிங்குல சண்டை போட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க.

லோகா: நல்லாவே எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூட அழியல. சரி, மதுக்கரையில யாருங்க?

மதன்: யாருமில்ல அம்மணி… ஒரு புளியமரம். அதுக்கடியில வண்டியை நிறுத்திப்போட்டு, நீ கட்டிக்குடுத்த டிபனைத் தின்னுபோட்டு, சாயங்காலம் வாரேன்.

லோகா: ஆபீசு?

மதன்: ஆளைக் கொறைச்சாங்க. ரெண்டு மாசமாச்சு. எதுவும் அழியாத பொட்டியை எழுதுனவனை மொதல்ல அழிச்சுப்போட்டாங்க. உங்கிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு. இப்பக் கொடுமுடியில அப்பா வேலையைப் பத்திக் கேட்டா…

லோகா: மாமனாரு கேட்டா நாஞ் சொல்லிக்கறேனுங்க.

மதன்: அதுக்கு என்னைத் திட்டிப்போடு கண்ணு. இரு… கீழ இதென்ன, சரவணம்பட்டி? நான் அந்தப் பக்கமே போகலையே?

லோகா: கையை எடுங்க… சூடா இருக்கும்.

மதன்: லோகா!

லோகா: போன வாரம் பல்லு டாக்டர்கிட்டன்னு வண்டியை வாங்கிட்டுப் போனனில்லீங்க? அது எனக்கு இண்டர்வியூ. உங்க டிபன் பையில புளிய எலை கெடந்தன்னிக்கே தெரியுமுங்க… ஏசி ரூம்புல புளியமரம் ஏது? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். திங்கக்கெழமை நான் வேலையில சேரோணும். டிபனை இனி நீங்க கட்டுங்க.