இனிப்புச் சைடர் போத்தல் வெடித்தமை பற்றி

என் பெயர் அந்தோனிப்பிள்ளை அன்ரன் திலக்ஷன். வயது இருபத்தாறு. கத்தோலிக்கன், மணமாகாதவன். வத்தளையில் நிறுவனம் ஒன்றில் குளிரூட்டி திருத்தும் தொழினுட்பவியலாளராக வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனை, புதுச்செட்டித் தெருவில் என் அக்கா மரியகொறற்றியும் அவரது கணவர் புஷ்பராஜும் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் அவர்களுடன் வசிக்கிறேன். முறைப்பாடு செய்தவர் புஷ்பராஜ் அத்தான். காயப்பட்டவர் அக்கா. நான் தமிழில் கூறுவதை பொலிஸ் சார்ஜன்ட் ஹபீஸ் எழுதுகிறார்.

முறைப்பாட்டில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், என்று இருக்கிறது. அது பிழை. நான் எதையும் காய்ச்சி வடிக்கவில்லை. நான் செய்தது சைடர், அதாவது அப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பது. இதை விளக்கியபோது சார்ஜன்ட், “வெறிக்கும்தானே தம்பி?” என்றார். வெறிக்கும். என்னிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. அதை எழுதிக்கொள்ளலாம்.

சென்ற நத்தாருக்கு முதன்முதலாகச் செய்தேன். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னடா இது, பற்றரித் தண்ணி மாதிரிக் கிடக்கு. இனிப்பா, சோடா மாதிரிப் பொங்கிறதாச் செய்யத் தெரியாதோ உனக்கு?” என்றார். அது லேசான வேலை அல்ல. புளிக்க வைக்கும் ஈஸ்ற் சீனியைத் தின்றுதான் வாயுவைத் தரும். முழுதும் தின்ன விட்டால் இனிப்பு இல்லை, முன்கூட்டியே நிறுத்தினால் வாயு இல்லை. ஆகையால் புளித்த சாற்றில் மறுபடி சீனி கலந்து, கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, போதிய வாயு சேர்ந்ததும் அவற்றை வெந்நீரில் வைத்து ஈஸ்றைக் கொல்ல வேண்டும். மிச்சச் சீனி இனிப்பாக நிற்கும். கண்ணாடிக்குள் எவ்வளவு அழுத்தம் என்று கையால் அறிய முடியாது. அதற்காக அதே கலவையை ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலிலும் அடைத்துப் பக்கத்தில் வைப்பது முறை. அது கல்லுப்போல இறுகினால் மற்றவையும் தயார் என்று அர்த்தம்.

இம்முறை ஈஸ்டருக்கென்று அப்படியே செய்து, குசினி மேசையின் கீழ் ஒரு பெட்டியில் எல்லாப் போத்தல்களையும் வைத்தேன். மேசைக்கு மேலே அந்தோனியார் படம் உண்டு. அத்தான், “அந்தோனியாருக்குக் கீழ கள்ளுத் தவறணை திறந்திருக்கிறான் உம்மட தம்பி” என்றார். “ஊத்தித் தந்தா கிளாஸை ஏந்திக்கொண்டு வருவியள்தானே” என்று அக்கா கூறினார். அதன் பின்னர் அக்கா பிளாஸ்ரிக் போத்தலைக் காட்டி, இது மட்டும் ஏன் வேறு என்று கேட்டார். “சொன்னாலும் விளங்காது அக்கா, விடுங்கோ” என்றேன்.

அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அந்தப் போத்தலை அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்றே இருந்தது. வாயு சேரவில்லை என்று எண்ணி இன்னும் சில நாள் விட்டேன்.

அதன் பின்னர் ஞாயிறு காலை பூசையால் வந்த அக்கா, மேசையின் கீழிருந்து தேங்காய் எடுக்கக் குனிந்தார். நான் குளியலறையில் இருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது கண்ணாடிப் போத்தல் ஒன்று வெடித்திருந்தது. அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்தார். மற்றக் கை தேங்காயை விடவில்லை. வீடெல்லாம் அப்பிள் மணத்தது. அதன் பின்னர் அத்தானும் நானும் அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று வைத்தியர் மறுநாள் கூறினார். அக்கா வெள்ளவத்தையில் ஓர் அழகு நிலையத்தில் நூல் பிடித்துப் புருவம் திருத்துபவர்.

அதன் பின்னர், ஆஸ்பத்திரியில் அத்தான் தேநீர் வாங்கக் கீழே போயிருந்த வேளை, அக்கா என்னிடம் கூறியது: “அந்தப் பிளாஸ்ரிக் போத்தல் வெடிக்கிற மாதிரி இறுகிப்போய்க் கிடக்கும். நீ வாறதுக்கு முன்னம் நான்தான் மூடியைத் திறந்து காத்தை விட்டிட்டுப் பூட்டுவன். மற்றதுகளின்ர தகர மூடி எனக்குக் கழட்ட வராது. நான் அப்பிடிச் செய்தபடியால்தானே இவ்வளவோட போச்சு, என்னடா?”

“ஓம் அக்கா” என்றேன். அது பொய்.

அழுத்தத்தோடு வேலை செய்கிற உமக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று சார்ஜன்ட் கேட்டதாலேயே இதைக் கூறினேன். கேட்ட கேள்விக்கு விடை அதுதான். கூறிய பின்னர் அவர், அப்படியானால் நாளை ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடமும் இதைக் கேட்டு எழுத வேண்டும் என்றார். கேட்டால் அக்கா மறைக்கமாட்டார். ஏன் கேட்கிறார்கள் என்பதும் அவருக்கு விளங்கிவிடும். ஆகவே, நான் அளவு பார்க்கவே இல்லை, கவனக்குறைவு என்று எழுதுங்கள், அக்கா கூறிய பந்தியை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். சார்ஜன்ட், “சொன்னத வெட்ட ஏலா தம்பி. எல்லாம் சரியா எழுதணும்னு நீங்கதானே நிண்டீங்க” என்றார்.

மேலே உள்ளது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு பந்தியை நீக்கும்படி கேட்டேன், நீக்கப்படவில்லை. அந்தப் பந்தியும் சேர, இதிலுள்ள அனைத்தும் உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. அன்ரன் திலக்ஷன்