ஃபான் போட்ட குற்றம்

சீசாப் பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸில், வீட்டுவேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"எங்கடை வீட்டு முதலாளி சின்யோர் என்னை மூச்சு விட வேண்டாமெண்டிட்டார், அக்கா."

"ஏனாம்?"

"வேட்டைத் தோட்டாவுக்கு வீட்டிலைதான் வெடிமருந்து அடைக்கிறவர். குசினி மேசையிலை, நகைக்கடைத் தராசு மாதிரி ஒண்டிலை நிறுப்பார். ஒரு தோட்டாவிலை கூட, மற்றதிலை குறைய எண்டு துளியும் இருக்கக் கூடாதாம், குறி தப்புமாம். காத்துப் பட்டால் தராசு ஆடுமெண்டு சன்னலெல்லாம் பூட்டு. போன கிழமை மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. பாவமெண்டு நான் ஃபானைப் போட்டிட்டன்."

"ஐயோ!"

"வெடிக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடி வந்தனான். இஞ்சை வெடிமருந்துக்குப் பக்கத்திலை மூச்சடக்கிக்கொண்டு நிக்கிறன்."

"வேட்டையிலை ஏதும் விழுந்ததே?"

"ஒண்டுமில்லை. வரேக்கை வுச்சீரியாச் சந்தையிலை முயல் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் என்ரை ஃபானாலை வந்த வினையாம். இன்னொருக்காப் போட்டால் வேலையில்லையாம்."

"எல்லா வெடியுமோ தப்பினது?"

"ஓம், எல்லாம்."

அக்கா இறங்குவதற்குப் பையை எடுத்தாள்.

"அப்ப நிறுவையிலை பிழையில்லை, பிள்ளை. எல்லாம் ஒரே மாதிரித்தானே தப்பியிருக்கு."